குமிழிலிருந்து ரிமோட் வரை



தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடாமலே இயக்க உதவும் அந்தச் சிறிய கருவியைத் தமிழில் தொலை இயக்கி என்று சொல்லலாம். ஆனால் நம் வீடுகளில் அதற்கு ரிமோட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே அழைப்போம். இன்று ஒரு வீட்டில் இரண்டு, மூன்று ரிமோட்டுகள் கிடக்கின்றன. ஒன்று தொலைக்காட்சிக்கு, ஒன்று டிகோடர் பெட்டிக்கு, இன்னொன்று பாட்டுப் பெட்டிக்கு. அவற்றில் ஒன்று கீழே விழுந்து உடைந்துவிட்டால், நல்ல நிலையில் உள்ள பெட்டியும் பயனற்றுப் போனதுபோல் தோன்றுகிறது. பசார் மாலாமில் குறைந்த விலைக்கு யுனிவர்சல் ரிமோட், அதாவது எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ரிமோட் கிடைக்கிறது. வாங்கி வருகிறோம். பொத்தானை அழுத்துகிறோம். பெட்டி அசைவதில்லை. "சரக்கு சரியில்லை" என்று மூலையில் போட்டுவிடுகிறோம்.

சரக்கு சரியாகத்தான் இருக்கும். நம் பெட்டியின் மொழி எது என்பதை அந்த ரிமோட்டுக்கு நாம் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதை அறிய, இந்தக் கருவி பிறந்து வளர்ந்த வரலாறு நமக்கு உதவும். அந்த வரலாற்றில் நம் தோட்டங்களின் கதையும் கலந்திருக்கிறது.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குவோம். அம்பாங்கான் இன்று சிரம்பான் நகரோடு ஒன்றாகிவிட்ட பகுதி. நெகிரி செம்பிலானின் பல பகுதிகளைப் போல இங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களே மக்களின் வாழ்வாக இருந்தன. அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி என்பது தொழிலாளியின் வீட்டில் காணக் கிடைக்காத பொருள். துரை பங்களாவிலும், வசதியுள்ள கிராணி வீட்டிலும் அது இருக்கலாம். லயத்தில் இருக்காது.

போருக்குப் பின், 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா சிங்கப்பூரில் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அது ஒலிபரப்பியது. ஒலிபரப்பு வந்துவிட்டது, கேட்பதற்குப் பெட்டி வேண்டுமே? 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மக்களிடம் நேரே பேச வேண்டிய தேவை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. 1950-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஹியூ கார்ல்டன் கிரீன் அவசரகாலச் செய்திப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக உயர்ந்தவர் இவர்தான். அந்தக் காலத்தில் புதுக்கிராமங்களிலும், கம்பங்களிலும், தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத இடங்களில் அவை பேட்டரியால் இயங்கின. வேலை முடிந்து குளித்த பின் மக்கள் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுப் பெட்டி என்றால் பொதுக் காது. ஆனால் குமிழைத் திருப்பும் கை ஒன்றுதான். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எந்த நிலையத்தை வைப்பது என்பதைப் பெட்டிக்குப் பொறுப்பானவரே முடிவு செய்தார். மற்றவர்கள் கிடைத்ததைக் கேட்டார்கள்.

நகரங்களில் வேறொரு முறை வந்தது. 1949-இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிஃபியூஷன் நிறுவனம் கம்பி வழி ஒலிபரப்பைத் தொடங்கியது. மாதக் கட்டணம் கட்டினால் வீட்டுச் சுவரில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி பொருத்துவார்கள். நிலையங்களைத் தேடும் முள் அதில் கிடையாது. நிறுவனம் கம்பியில் அனுப்புவதை மட்டும் கேட்கலாம். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பெட்டி நம் வீட்டில் இருந்தாலும், தேர்வு வேறோர் இடத்தில் நடந்தது.

இந்த நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-இல் கையடக்க டிரான்சிஸ்டர் வானொலி அங்கே கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனி நிறுவனமும் ஒன்றை வெளியிட்டது. பிறகு விலை குறையக் குறைய, உலகமெங்கும் உழைக்கும் மக்களின் வீடுகளுக்குள் அது நுழைந்தது. நம் லயங்களிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரான்சிஸ்டர் பாடத் தொடங்கியபோதுதான், குமிழ் தொழிலாளியின் கைக்கு வந்தது. பிடித்த நிலையத்தை வைக்கவும், பிடிக்காததை மூடவும் வீட்டுக்காரருக்கே உரிமை கிடைத்தது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நம் நாட்டின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடக்கி வைத்தார். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபமே அதன் முதல் நிலையம். அப்போது ஒரே ஓர் அலைவரிசைதான். இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பர் 17-இல் வந்தது. 1978 டிசம்பர் 28-இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. 1984 ஜூன் முதல் நாள் தனியார் நிலையமான டிவி3 வந்தது.

தோட்டங்களில் தொலைக்காட்சி பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. பல இடங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும். அதுவும் இல்லாத வீடுகளில் கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்ய டவுனுக்குத் தூக்கிப் போவது ஒரு தனி வேலை. குடிநீரையும் மின்சாரத்தையும் தோட்ட முதலாளி செய்து தரவேண்டிய வசதிகளாகக் கொண்ட குடியிருப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. அதுவரை எத்தனையோ குடும்பங்கள் விளக்கையும் பெட்டியையும் நேரம் பார்த்தே ஏற்றி அணைத்தன.

அலைவரிசை ஒன்றோ இரண்டோ இருந்தவரை ரிமோட் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் வீட்டில் இருந்த சின்னப் பையன் எழுந்து போய்க் குமிழைத் திருப்புவான். தேர்வு பெருகும்போதுதான் ரிமோட்டின் தேவையும் பெருகுகிறது. இதனால்தான் நிலையங்கள் பல இருந்த அமெரிக்காவில் அது முதலில் வளர்ந்தது.

தொலைவிலிருந்து இயக்கும் எண்ணம் தொலைக்காட்சியைவிட மூத்தது. 1898-இல் நிக்கோலா டெஸ்லா என்ற அறிஞர் நியூயார்க்கில் ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் வானொலி அலையால் திருப்பிக் காட்டினார். 1939-இல் ஃபில்கோ நிறுவனம் வானொலிப் பெட்டிக்குக் கம்பியில்லா இயக்கி ஒன்றை விற்றது. தொலைபேசியில் இருந்தது போன்ற சுழல் தட்டு அதில் இருந்தது. 1950-இல் ஜெனித் நிறுவனம் தொலைக்காட்சிக்கு ஓர் இயக்கியை வெளியிட்டது. அதற்குச் சோம்பேறி என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். அதில் நீண்ட கம்பி இருந்தது. நடப்பவர்கள் காலில் அந்தக் கம்பி தடுக்கியது.

கம்பியை ஒழிக்க 1955-இல் யூஜின் பாலி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். அவருடைய கருவி டார்ச்லைட்டைப் போன்றது. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் இருந்தன. ஒரு மூலையில் ஒளி பட்டால் அலைவரிசை மாறும், இன்னொரு மூலையில் பட்டால் சத்தம் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் அந்தக் கண்கள் அதைக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டன.

அடுத்த ஆண்டு, 1956-இல், அதே நிறுவனத்தில் இருந்த ராபர்ட் ஆட்லர் ஒலியைப் பயன்படுத்தினார். கைக்கருவிக்குள் நான்கு அலுமினியத் தண்டுகள். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலி அதிலிருந்து எழும். ஒவ்வொரு தண்டும் வெவ்வேறு நீளம் என்பதால் ஒலியும் வெவ்வேறு. தொலைக்காட்சி அதைக் கேட்டு வேலை செய்யும். இதில் பேட்டரியே கிடையாது. பேட்டரி தீர்ந்துபோனால் தொலைக்காட்சியே கெட்டுவிட்டது என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று விற்பனையாளர்கள் அஞ்சியதே அதற்குக் காரணம். எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த அச்சம் இன்றும் நம் வீடுகளில் உண்மையாகத்தான் இருக்கிறது. அந்த ஒலியைக் கேட்பதற்காகத் தொலைக்காட்சிக்குள் கூடுதலாக 6 வெற்றிடக் குழாய்கள் வைக்கவேண்டி வந்ததால், பெட்டியின் விலை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. சாவிக்கொத்து குலுங்கினாலும் சில சமயம் அலைவரிசை மாறியது. ஆனாலும் இந்த முறை ஏறத்தாழ கால் நூற்றாண்டு நிலைத்தது.

1980-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ஒளி அதன் இடத்தைப் பிடித்தது. அகச்சிவப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ரிமோட்டின் முனையில் சிறு கண்ணாடி மணி போல ஒன்று இருக்கிறதே, அதுதான் அந்த விளக்கு. பொத்தானை அழுத்தும்போது அது நொடிக்கு 38,000 முறை என்ற வேகத்தில் துடிக்கிறது. வெயிலும் மின்விளக்கும் அந்த வேகத்தில் துடிப்பதில்லை. ஆகவே பெட்டி அவற்றை ஒதுக்கிவிட்டு ரிமோட்டின் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. யூஜின் பாலிக்குத் தொல்லை தந்த வெயில் இப்படி வெல்லப்பட்டது.

துடித்தால் மட்டும் போதாது, செய்தி வேண்டும். தோட்டத்தில் பிரட்டுக்கு மணி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனை அடி, இவ்வளவு இடைவெளி என்றால் இன்ன பொருள் என்பது அந்தத் தோட்டத்தாருக்குத் தெரியும். ரிமோட்டும் அப்படித்தான். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே விடும் இடைவெளியால் எண்களைச் சொல்கிறது. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறையில் ஒரு கட்டளைக்கு 32 குறிகள். முதல் பாதி முகவரி, அதாவது எந்தப் பெட்டிக்கு என்பது. மறு பாதி செய்தி, அதாவது என்ன செய்ய வேண்டும் என்பது. கடிதத்தில் லயத்து எண்ணை எழுதிவிட்டு உள்ளே செய்தியை எழுதுவதைப் போல. இதில் முகவரியையும் செய்தியையும் ஒரு முறை நேராகவும், மறு முறை தலைகீழாகவும் அனுப்புவார்கள். பால் நிறுக்கும்போது ஒரு முறைக்கு இரு முறை கணக்குப் பார்ப்பதில்லையா? அதே காரணம்தான். இரண்டும் ஒத்துப் போனால்தான் பெட்டி கட்டளையை ஏற்கும்.

இதோடு நின்றிருந்தால் நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பிலிப்ஸ் நிறுவனம் ஆர்.சி.5 என்ற வேறொரு முறையை வகுத்தது. அதில் 14 குறிகளே உண்டு, துடிக்கும் வேகமும் நொடிக்கு 36,000 தான். ஒரு தோட்டத்து மணியின் பொருள் அடுத்த தோட்டத்தாருக்கு விளங்காததுபோல, ஒரு நிறுவனத்தின் ரிமோட் இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்கு விளங்கவில்லை. 1980-களில் வீடியோ கேசட் பெட்டிகள் பரவின. வீட்டுக்கு வீடு ரிமோட்டுகள் குவிந்தன.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் பொது ரிமோட் பிறந்தது. 1985-இல் பிலிப்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. 1987-இல், ஆப்பிள் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், மற்ற ரிமோட்டுகளின் குறிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்றை வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை பொது ரிமோட்டில் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, பல நிறுவனங்களின் மொழிகளை முன்கூட்டியே நினைவில் வைத்திருப்பது. மற்றது, பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்பது.

இனி, நம் கையில் உள்ள ரிமோட்டுக்கு வருவோம்.

முதல் வகை ரிமோட்டோடு ஒரு தாள் வரும். நிறுவனங்களின் பெயர்களும், அவற்றுக்கு நேரே மூன்று அல்லது நான்கு இலக்க எண்களும் அதில் இருக்கும். அந்த எண்தான் மொழியின் பெயர். புது பேட்டரி போடுங்கள். தொலைக்காட்சியை அதன் மேலுள்ள பொத்தானாலேயே திறந்து வையுங்கள். ரிமோட்டில் ‘செட்’ என்று எழுதிய பொத்தானையும் ‘டிவி’ என்று எழுதிய பொத்தானையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். உடனே உங்கள் நிறுவனத்துக்கு உரிய எண்ணை அழுத்துங்கள். எண் ஏற்கப்பட்டால் விளக்கு அணையும்.

உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அணைக்கும் பொத்தான் வேலை செய்தால் போதாது. சத்தம், அலைவரிசை, எண் பொத்தான்கள் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். சில வேலை செய்து சில செய்யாவிட்டால், அது கிளைமொழி மாறிய கதை. பட்டியலில் அதே நிறுவனத்துக்கு உரிய அடுத்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

தாள் தொலைந்துவிட்டால், பல ரிமோட்டுகளில் தானே தேடும் வசதி உண்டு. ‘செட்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபின் ரிமோட்டைப் பெட்டியின் முன் நீட்டினால், அது ஒவ்வொரு மொழியாகப் பேசிப் பார்க்கும். பெட்டி அணைந்தால், அல்லது திரையில் சத்தத்தின் அளவு தெரிந்தால், அந்த நொடியே ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். எந்தப் பொத்தான் என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும். வாங்கும்போதே கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கற்கும் வகை ரிமோட்டாக இருந்தால், பழையதையும் புதியதையும் முனைக்கு முனை சில சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய ரிமோட் முற்றிலும் கெடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கைப்பேசியின் படக்கருவியை, முக்கியமாக முன்பக்கத்தில் உள்ளதைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கைப்பேசித் திரையில் மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நலம். மினுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ஆனால் சில புதிய பெட்டிகளின் ரிமோட்டுகள் ஒளிக்குப் பதிலாக வானொலி அலையால் பேசுகின்றன. அவற்றுக்கு இந்தச் சோதனையும் பொருந்தாது, சாதாரணப் பொது ரிமோட் எல்லா வேலையையும் செய்யவும் செய்யாது.

இது இன்று நமக்கு ஏன் முக்கியம்? 1996-இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தபோதே டிகோடரும் அதற்கான தனி ரிமோட்டும் வந்துவிட்டன. 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நம் நாட்டின் பழைய ஒளிபரப்பு முறை முற்றிலும் நிறுத்தப்பட்டு, இலக்க முறை வந்தது. பழைய பெட்டி வைத்திருப்போர் அதனோடு ஒரு டிகோடரைப் பொருத்த வேண்டியதாயிற்று. அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்கள் பலவற்றுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. பெட்டி இலவசம்தான். ஆனால் ஒரு நிகழ்ச்சி பார்க்க இரண்டு ரிமோட்டுகள் தேவையாயின. தெரியாமல் யாராவது தொலைக்காட்சி ரிமோட்டில் ‘இன்புட்’ அல்லது ‘ஏவி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் படம் போய்விடும். பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதே பொத்தானை மறுபடி ஒன்றிரண்டு முறை அழுத்தினால் படம் திரும்பிவிடும்.

இதில் அதிகம் துன்பப்படுபவர்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். பால்மரத்தில் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த பாட்டி, ரிமோட்டில் உள்ள ஆங்கில எழுத்துப் புரியாமல், இருண்ட திரையின் முன் உட்கார்ந்திருக்கிறார். பொதுப் பெட்டிக் காலத்தில் குமிழ் வேறொருவர் கையில் இருந்தது. இன்று ரிமோட் பாட்டியின் கையிலேயே இருந்தும், மாலையில் யாராவது வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் பட்டு இந்த நிலைக்கா திரும்பி வருவது?

மாற்றுவது கடினமன்று. குறைந்த பொத்தான்கள் உள்ள பொது ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். திறப்பதற்கு ஒரு நிறம், அலைவரிசைக்கு ஒரு நிறம், சத்தத்துக்கு ஒரு நிறம் என்று நகப்பூச்சால் புள்ளி வையுங்கள். தொடக்கூடாத பொத்தான்மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். ஒரு முறை உங்கள் கையால் செய்து காட்டாமல், பெரியவர் கையில் கொடுத்து அவரையே இரண்டு, மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று. உங்கள் பெட்டிக்குப் பொருந்திய எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ரிமோட்டின் பேட்டரி மூடிக்கு உள்ளே ஒட்டி வையுங்கள். விலை குறைந்த ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றியதும் கற்றதை மறந்துவிடுவதுண்டு. அந்தத் தாள் இருந்தால், அடுத்த முறை யாரையும் தேடிப் போகாமல் வீட்டில் உள்ள யாரும் சரிசெய்துகொள்ளலாம்.